சிவப்பு மூடி வாரம்

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டெஸ்மண்ட் பிரிங்கிள் வாசலில் கொண்டுபோய் வைத்தது காகிதம், பாட்டில் போடும் மஞ்சள் மூடித் தொட்டி. மறுநாள் காலை ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகரசபை அனுப்பியதோ, சமையலறைக் குப்பைக்கான சிவப்பு மூடியை எடுக்கும் லாரி. அவர் விடியற்காலையில் மீன்பிடிக்கப் போய் மத்தியானம் திரும்பியபோது, மற்ற வீட்டார் தங்கள் தொட்டிகளை உள்ளே இழுத்துவிட்டிருக்க, அவருடைய மஞ்சள் தொட்டி வைத்தது வைத்தபடி தனியாக நின்றது. வீட்டுப் பக்கத்தில் சிவப்புத் தொட்டி. அதற்குள் கிறிஸ்துமஸ் இறால் ஓடு மூன்று கிலோ. ஒரு வாரம் மஞ்சள், மறுவாரம் சிவப்பு என்பது முறை; சிவப்புக்கு லாரி மறுபடி வரப் பதினாலு நாள். வெயில் முப்பத்தெட்டு.

வெள்ளிக்கிழமைக்குள் தெருவே நாறியது. ஒரு தொட்டிக்கு இத்தனை வீரியமா என்று அவருக்கே மலைப்பு. எதிர்வீட்டு கிளெனிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு தபாலை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நாற்றம்கூடப் பரவாயில்லை. டெஸ்மண்டின் அப்பாவுக்கு அல்சைமர் என்னும் மறதி நோய் தொடங்கியது இதே எழுபத்தொன்றாம் வயதில். கடைசியில் பெற்ற மகனையே, "சார், பஸ் எப்ப வரும்?" என்று கேட்டவர்.

டெஸ்மண்ட் டேப்லெட்டைத் திறந்தார். முதல் இணையதளத்தில் பத்துக் கேள்வி. 'சமீபத்தில் நாள், கிழமை குழம்பியதா?' ஆமாம் என்று தட்டி முடித்ததும், எண்பத்திரண்டு சதவீத அபாயம் என்று மின்னியது. கீழே நீல மாத்திரை, இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்.

இன்னொரு தளம் காபியை விடச் சொன்னது. எதற்கும் சரிபார்ப்போம் என்று மேலும் நாலைப் பார்த்தார். அதே வாக்கியம், அதே வழுக்கைத் தாத்தா படம். ஐந்து பேர் சொன்னால் பொய்யாகுமா? காபியை விட்டார். மறுநாள் தலைவலி மண்டையைப் பிளக்க, மூக்குக்கண்ணாடியை வெண்ணெயோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். 'பொருளை இடம் மாற்றி வைப்பது முக்கிய அறிகுறி' என்றது அடுத்த தளம். தினம் நாலு ஸ்பூன் தேங்காயெண்ணெய் குடிக்கவும் சொன்னது. குடித்தார். அதன்பிறகு கழிவறை எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவருக்கு ஒரு நிமிஷமும் மறக்கவில்லை.

"உள்ள என்னய்யா பண்றே, ஒரு மணி நேரமா?" மனைவி நொரீன் கதவைத் தட்டினாள்.

"ஞாபகசக்தியை வளர்க்கறேன்."

டேப்லெட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். "எழுதினவன் பேரு எங்க? எப்ப எழுதினது? பயமுறுத்தறவனே மாத்திரையும் விக்கிறானே, உனக்கு உறைக்கல?"

"அஞ்சு பேர் சொல்றாங்க நொரீன்!"

"சொன்னது ஒருத்தன். மத்த நாலும் அவனைப் பார்த்துக் காப்பியடிச்சது."

நோயாளிகள் நலச் சங்கத்தின் பக்கத்தை அவளே தேடி எடுத்தாள். டாக்டர்களின் பெயர் இருந்தது, தேதி இருந்தது, விற்பனைக்கு ஒன்றுமில்லை. இணையச் சோதனையை வைத்து இந்த நோய் என்று முடிவுகட்ட முடியாது. கவலையிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உங்களை நெடுநாளாக அறிந்தவரைக் கூட்டிப்போங்கள் என்றது.

"வியாழக்கிழமை டாக்டர். நான் வரேன்."

"நீ பொண்டாட்டி. பொறந்ததிலேருந்தே இவருக்கு மறதிதான்னு சொல்லுவே."

தெருவைக் கடந்து கிளெனிஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். "நாத்தத்துக்கு மன்னிச்சுக்கோ கிளெனிஸ். என் தொட்டிதான்."

"உன் தொட்டியா?"

"ஒளிக்காமச் சொல்லு. இருபத்திரண்டு வருஷமா என்னைப் பார்க்கறே. எனக்கு மறதி முத்திப்போச்சா?"

அவள் அவர் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போனாள். சிவப்புத் தொட்டி ஒன்று, மூடமுடியாமல் வழிந்து, ஈ மொய்த்துக் கிடந்தது.

"டாக்டர்கிட்ட நானே வந்து சொல்றேன் டெஸ். தெருவுல பதினாலு வீட்டுலயும் இதே கதைதான். எந்த வாரம் எந்தத் தொட்டின்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருஷமா உன் வாசலைப் பார்த்துத்தானேய்யா வெக்கிறோம்! தப்பினது இந்த ஒரு வாரம்தான்."