சுழல் நாற்காலியும் ஒற்றை இருமலும்

சலவைக்கூடத்து மேதாவி, தலைகீழாக நின்றாவது பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியே தீர்வது என்று முடிவு செய்தார்.

ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்புகளை வெளுத்து அனுப்பும் பெரிய கூடம் அது. எல்லார் பேச்சையும் திருத்துவார் என்பதால் உடன் வேலை செய்பவர்கள் அவருக்குச் சூட்டிய பெயர் மேதாவி. நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன் நின்று நின்றே அவர் தலைமுடியில் பாதி உதிர்ந்துவிட்டது. மீதிப் பாதி யோசனையில் இருந்தது. எதிரே மேற்பார்வையாளரின் கண்ணாடி அறை. உள்ளே மின்விசிறியும் ஒரு சுழல் நாற்காலியும். மேற்பார்வையாளர் ஓய்வு பெறப்போகிறார், படிப்பைப் பாதியில் விட்டவர்களும் பெரியவர்களுக்கான தேர்வில் தேறிச் சான்றிதழ் காட்டினால் அந்த இடத்துக்கு வரலாம் என்று மேலாளர் அறிவித்ததுமே, மேதாவியின் மனம் அந்த நாற்காலியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிவிட்டது.

ஒரே ஒரு சங்கடம். புத்தகத்துக்கும் அவர் இமைக்கும் நடுவில் யாரோ கயிறு கட்டியிருந்ததுபோல, அது திறந்தால் இது மூடிக்கொண்டது. இது மனைவிக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். அந்த அம்மையாரும் அதே கூடத்தில் துணி மடிப்பவர். பள்ளியைப் பாதியில் விட்டவர். ஒரு மாலை காய் நறுக்கிக்கொண்டே அவர், "புத்தகத்தக் குடுங்க, நான் கேள்வி கேக்கறேன்" என்றபோது மேதாவிக்கு இஸ்திரி இயந்திரம் இல்லாமலே வியர்த்தது.

"கேள்வி கேக்கறதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு. நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு. நான் சரி பாக்கறேன்."

"பரீட்சை உங்களுக்கா எனக்கா?"

"நீ தப்பா சொல்லி நான் திருத்தினா, அது ஆணி அடிச்ச மாதிரி என் மனசுல நிக்கும்."

"அப்படின்னா சரிங்க."

அன்று முதல் மேதாவி காலை நீட்டி அமர்ந்து கேள்விகளை வாசிப்பார். அம்மையார் பாத்திரம் துலக்கியபடி தப்புத்தப்பாக விடை சொல்வார். மேதாவி சரியான விடையை உரக்கப் படிப்பார். தொண்டை வறண்டால் ஒரே ஓர் இருமல் இருமுவார். அந்த இருமலுக்குத் தண்ணீர் என்று பொருள். கல்யாணமான நாள்முதல் அந்த வீட்டில் அதுதான் சட்டம். அடுத்த கணம் தம்ளர் வந்து நிற்கும். நாளடைவில் அம்மையார் தப்பே சொல்லாமல் போனார். ஆகவே மேதாவியின் மனத்தில் அடிப்பதற்கு ஆணியே கிடைக்கவில்லை.

தேர்வு நாளன்று அம்மையாரும் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வந்தார். கையில் இரண்டு பேனா. ஒன்று தீர்ந்தால் மற்றொன்று என்ற முன்யோசனையை எண்ணி மேதாவி நெகிழ்ந்துபோனார்.

"நீ இந்த மரத்தடியிலயே உக்காந்திரு. உள்ள விடமாட்டாங்க."

அம்மையார் பையிலிருந்து ஒரு ஹால் டிக்கெட்டை எடுத்தார். "விடுவாங்கங்க."

அதிலிருந்த படத்தையும் மனைவியின் முகத்தையும் மேதாவி மாறி மாறிப் பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்க கேட்ட அத்தனைக்கும் பதில் சொன்னேனே. இத நீங்க கேக்கவேயில்லையே?"

தேர்வுக்கூடத்தில் அம்மையாருக்கு இடம் சரியாக மேதாவிக்கு முன்னால் அமைந்தது. கணக்குத் தாளைப் பிரித்ததும் மேதாவிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லாம் அவர் வாயால் கேட்ட கேள்விகள்தாம். விடைகள் முன்னாலிருந்த பின்னலுக்குள் இருந்தன. அவர் ஓர் இருமல் இருமினார். பின்னல் அசையவில்லை. கண்காணிப்பாளர்தான் இரக்கப்பட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவு கசப்பான தண்ணீரை மேதாவி அதற்குமுன் குடித்ததில்லை.

அம்மையார் எல்லாப் பாடங்களிலும் தேறினார். மேதாவி தமிழில் மட்டும் தேறினார். அதுவும் கேள்விகளைப் பிழையில்லாமல் திருப்பி எழுதியதற்குக் காட்டிய கருணை என்று துணி மடிக்கும் பகுதியில் பேசிக்கொண்டார்கள். மேதாவி வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். இனி ஆயுள் முழுக்க நீராவிதான் என்பது அந்தச் சுவரில் எழுதி ஒட்டியதுபோல் தெரிந்தது.

"அது நான் உக்கார வேண்டிய நாற்காலி" என்றார் சுவரிடம்.

பதில் முதுகுப்புறமிருந்து வந்தது. "தெரியும்ங்க. வேற யாராவது உக்காந்தா உங்களுக்கு மனசு தாங்குமா? அதான் நானே உக்காந்துடலாம்னு மேலாளர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். நீங்க மறுபடி எழுதுங்க. இந்தத் தடவ நான் கேக்கறேன்."

அம்மையார் நாற்காலியேறிய முதல் நாள், கண்ணாடி அறைப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை என்று மேதாவி சபதம் செய்துகொண்டார். உச்சிவேளைவரை விரிப்பை மட்டுமே பார்த்து இஸ்திரி போட்டார். இயந்திரங்கள் ஓய்ந்த ஓர் இடைவெளியில் அந்த அறைக்குள்ளிருந்து ஒற்றை இருமல் கேட்டது. வெறும் பஞ்சுத் தூசியால் வந்த இருமலாகவும் இருக்கலாம்.

மேதாவி தம்மை உணர்ந்தபோது, கையில் தண்ணீர்த் தம்ளரோடு கண்ணாடி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.