மான் தின்ற மூன்றாம் பக்கம்

“குசினிக்குள்ளயா மான் நிக்கும்?” என்று டொக்டர் ஷிஃபானா இன்னொரு தடவை கேட்டாள்.

“ஓம், டொக்டர். சுபஹ் தொழுதிட்டு வந்து பார்த்தா நிக்கும். பாண் துண்டு குடுத்தாத்தான் போகும்.”

“குடுக்காட்டி?”

“பார்த்துக்கொண்டே நிக்கும். அது பார்க்கிற பார்வைக்கு எங்களுக்குத் தேத்தண்ணி இறங்காது.”

ஷிஃபானா ‘மான்’ என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

பாவம், அவள் திருகோணமலைக்கு வந்து இன்னும் பெட்டிகூட அவிழ்க்கவில்லை. கம்பளையில் பிறந்து, கொழும்பில் படித்து, மனநோய் நிபுணர் என்று பெயர்ப்பலகையில் ஏறிய பிறகு இதுதான் முதல் நியமனம். சனிக்கிழமை இரவு பஸ்ஸை விட்டு இறங்கியவள், ஆஸ்பத்திரி வளவைத் தாண்டி ஒரு காலடி வைத்ததில்லை. திங்கட்கிழமை கிளினிக்கைத் திறந்தால் முதல் ஆளே நீதிமன்றம் அனுப்பிய ஆள். வாசலில் நின்று பேர் கூப்பிடும் பேணாட், “ஹஸ்மி” என்று ஒரு குரல் கொடுக்க, கோர்ட்டுக் கடிதத்தை நீட்டிக்கொண்டு இந்த மனிதர் வந்து கதிரையில் உட்கார்ந்தார். வெயிலில் கறுத்த மீனவர். முகத்தில் எந்நேரமும் ஒரு சிரிப்பு.

கடிதத்தில் இருந்த விஷயம் இதுதான். நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் நீச்சல் குளத்துக்குள் ஹஸ்மி என்பவர் கூடை கூடையாகச் சூடை மீனைக் கொட்டியிருக்கிறார். கொட்டிவிட்டுப் போயிருந்தால் பொலிஸ் அதைச் சாதாரண வழக்காகப் போட்டிருக்கும். ஆள் போகவில்லை. குளக்கரையில் குந்தியிருந்து, செத்த மீன்களைப் பார்த்து, “நீந்துங்கோ, இவங்களுக்கு நீந்திக் காட்டுங்கோ” என்று சொல்லியிருக்கிறார். குளித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் கரையேறி நின்று படம் பிடித்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் நீதவானுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தான் செய்வது இன்னதென்று தெரிந்துதான் ஆள் செய்தாரா, வழக்கை விளங்கிப் பதில் சொல்லத் தக்கவரா என்று நிபுணர் பார்த்து எழுத வேண்டும். நேரில் வந்து சாட்சியும் சொல்ல வேண்டும்.

விசர் என்று எழுதினால் ஆளைக் கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார்கள். எப்போது திரும்பி வருவார் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். விசர் இல்லை என்று எழுதி அது பிழைத்துப்போனாலோ, வருத்தக்காரன் ஒருவனை மறியலுக்குள் அடைத்த பாவம். எப்படிப் பிழைத்தாலும் முதல் சாட்சியிலேயே ஷிஃபானாவின் பேர் கெட்டுவிடும். அதற்குப் பிறகு இந்த ஊர்க் கோர்ட்டில் அவள் சொல்லை யார் எடுக்கப் போகிறார்கள்?

“வழக்கை விடுங்க, நானா,” என்றாள், சொந்த அண்ணனிடம் பேசுகிற பரிவோடு. “முதல்ல உங்களப் பத்திச் சொல்லுங்க. ஊர், வீடு, தொழில், எல்லாம்.”

அந்த மனிதருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. இடுப்பில் சாரத்தை ஒருதரம் சரிசெய்துகொண்டு கதைக்கத் தொடங்கினார்.

சீனன்குடாக் காட்டுக்குள்ளே விளையாட்டு மைதானம் அளவு இரும்புப் பானைகள் இருக்கின்றனவாம். ஒன்றிரண்டு இல்லையாம், நூறுக்குக் கிட்டவாம். அதில் ஒன்றின்மேல் முந்தின யுத்தத்தில் ஜப்பான்காரன் ஒருத்தன் பிளேனோடு வந்து விழுந்தானாம். அவருடைய மாமா அந்தப் பானைகளுக்குள் இறங்கித் துரு சுரண்டியவராம்.

“கடல்ல ஏதும் வித்தியாசமாக் காணுவீங்களா?”

“வித்தியாசமா ஒண்டுமில்லை, டொக்டர். திமிங்கிலம் வரும். போட்டுக்குப் பக்கத்தில வந்து மூச்சு விடும். அந்த நாத்தம் ரெண்டு நாளைக்குச் சட்டையை விட்டுப் போகாது. என்ர பெண்சாதி வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா.”

ஷிஃபானாவின் பேனை பறந்தது. பாடப்புத்தகத்தில் தனித்தனியாகப் படித்ததெல்லாம் ஒரே ஆளில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இல்லாததைக் காண்கிறார், இல்லாததை மணக்கிறார். போதாக்குறைக்கு மைதானம் அளவு பானைகள் வேறு.

“அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகை நேரம், ஹோட்டல்ல என்ன நடந்தது?”

“எனக்கு எப்பிடித் தெரியும், டொக்டர்? நான் அங்க நிக்கேல்லையே. கிண்ணியாவில ஜெஸீமா வீட்டுக் கலியாணம். ஆறு பேராச் சுத்தி இருந்து ஒரே சஹன்ல சாப்பிட்டுக்கொண்டிருந்தனான்.”

‘சம்பவத்தையே மறுக்கிறார்’ என்று எழுதி, அதற்கும் கோடு போட்டாள்.

அவர் நன்றி சொல்லிப் போனதும் இருந்த இருப்பில் மூன்று பக்க அறிக்கை தயார். முதலாம் பக்கத்தில் பானை, இரண்டாம் பக்கத்தில் திமிங்கிலம், மூன்றாம் பக்கத்தில் மானும் முடிவும். கடுமையான மாயப் புலனுணர்வு, உடனடியாக ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டும். அச்சடித்து மேசையில் வைத்துவிட்டு, ஒரு தேத்தண்ணி குடிப்போம் என்று நிம்மதியாக எழும்பிப் போனாள்.

திரும்பி வந்தபோது மேசைக்குப் பக்கத்தில் ஒரு மான் நின்றது.

நல்ல கொழுத்த புள்ளிமான். வாயில் மூன்றாம் பக்கம். அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தது. ஷிஃபானா அசையாமல் நின்றாள். சத்தம் வெளியே வராமல் பேணாட்டைக் கையால் கூப்பிட்டாள்.

“பேணாட் அண்ணன், அந்தா அதில நிக்கிறது, உங்களுக்கும் தெரியுதா?”

“மானா, டொக்டர்? தெரியாம என்ன. டவுன் மான். அதுகளுக்குப் பேப்பரில சரியான விருப்பம்.” பேணாட் ஒரு உஸ் போட, மான் மனமில்லாமல் படியிறங்கிப் போனது. மேசையை எட்டிப் பார்த்துவிட்டு அவர் ஆறுதலாகச் சொன்னார்: “மூண்டாம் பக்கம் மட்டுந்தான் போயிட்டுது. மற்ற ரெண்டும் இருக்கு.”

மற்ற இரண்டும் இருந்து என்ன பயன்? மான் உண்மையென்றால்? ஷிஃபானாவின் மனதுக்குள் பூச்சி ஒன்று குடையத் தொடங்கியது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இந்தப் பழக்கம் உண்டு, ஒரு விஷயம் பாதியில் நின்றால் நித்திரை வராது.

“சீனன்குடாவில பெரிய இரும்புப் பானை ஏதும் இருக்குதா, அண்ணன்?”

“எண்ணெய்த் தாங்கியளைக் கேக்கிறீங்களா? வெள்ளைக்காரன் காலத்தில கட்டினது. வாங்கோ, காட்டுறன்.”

பின்னேரம் பேணாட்டின் ஆட்டோவில் போனார்கள். கம்பி வேலிக்கு அப்பால், மரங்களுக்கு நடுவே, துருப்பிடித்த இரும்புச் சுவர் ஒன்று வட்டமாக எழும்பி நின்றது. அதற்கு அப்பால் இன்னொன்று, அதற்கும் அப்பால் இன்னொன்று. ஷிஃபானா போனை எடுத்துப் படம் பிடித்தாள். அதுதான் அவள் செய்த பிழை. காவலாளி ஒருவர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

“இங்க படம் எடுக்க ஏலாது. என்ன வேலை உங்களுக்கு இங்க?”

“இல்ல, ஒருத்தருக்கு விசரா எண்டு பார்க்க வந்தேன்.”

காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பேணாட்டைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “எவ்வளவு காலமா இப்பிடி?”

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா அவள்? பேணாட்டின் தம்பி அஞ்சலோவின் படகில் மறுநாள் விடியக் கடலுக்கும் போனாள். போகும் வழியெல்லாம் சத்தி. ஈரல் குலையெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில், படகுக்கு அருகே கடல் கறுத்து எழும்பி, புஸ் என்று ஒரு மூச்சு விட்டது. அழுகின முட்டையும் பழைய கருவாடும் சேர்ந்த நாற்றம். சும்மா சொல்லக் கூடாது, அந்த மனிதர் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. ஷிஃபானா சட்டையை மூன்று தடவை தோய்த்தாள். வார்டுக்குள் நுழைந்ததும் நேர்ஸ் மாகிரட் யன்னல்களைத் திறந்துவிட்டார்.

இனி மிச்சம் கலியாண வீடு.

கொழும்பில் இருக்கும் தன் பேராசிரியருக்குப் போன் எடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பெருமூச்சு விட்டார்.

“ஷிஃபானா, மனசு எங்க இருந்தது எண்டு பார்க்கிறதுதான் எங்கட வேலை. ஆள் எங்க இருந்தார் எண்டு பொலிஸ் பார்க்கட்டும். எல்லை தாண்டாதீங்க.”

“ஆனா சேர், அவர் சொன்ன மற்ற எல்லாம் உண்மை. இது மட்டும் ஏன் பொய்யா இருக்கணும்?”

“அதைக் கேக்க வேண்டியது நீதவான்.”

சரி சேர் என்று வைத்துவிட்டுக் கிண்ணியாவுக்குப் போனாள்.

ஜெஸீமா வீட்டில் வாசலுக்கு வந்தவரைச் சும்மா அனுப்பும் பழக்கம் இல்லை. வட்டிலப்பம் வைத்தார்கள், அது முடியுமுன் பழத்தட்டு வந்தது. கலியாண வீடியோவைப் பார்க்கலாமா என்று அவள் கேட்டதும், மாப்பிள்ளை பார்க்க வந்தவளாக்கும் என்று இரண்டு பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். நோயாளியின் பேரை வெளியில் சொல்லக் கூடாது என்பது தொழில் ஒழுக்கம். அதில் ஷிஃபானா அணுவும் பிசகாதவள். ஆகவே பேர் சொல்லி விசாரிக்காமல், வாயை இறுக மூடிக்கொண்டு, திரையையே பார்த்திருந்தாள்.

வந்தார். பெரிய தாலத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரில் ஒருவராக, அதே சிரிப்போடு, ஆட்டிறைச்சித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். பின்னால் பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்லும் சத்தம்.

“இவர்,” என்று விரலால் காட்டினாள். “இவர் எவ்வளவு நேரம் நிண்டவர்?”

“அவரா? சட்டியெல்லாம் கழுவிக் குடுத்திட்டு, பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகுதான் போனவர். தங்கமான மனிசன்,” என்றாள் ஜெஸீமா.

வரும் வழியில் பாலத்தைத் தாண்டும்போது ஷிஃபானாவுக்குக் கண் கலங்கியது. குற்றமற்ற ஒரு மனிதரை விசரன் என்று எழுதி, ஆயுளுக்கும் அடைத்துவைக்கப் பார்த்தோமே. நல்ல வேளை, மான் வந்தது. அன்றே புது அறிக்கை எழுதினாள்.

வழக்கு நாளன்று நீதவான் நீதிமன்றத்தில் எள் போட இடமில்லை. நீச்சல் குளத்தில் மீன் கொட்டிய கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. சாட்சிக் கூண்டில் ஏறிய ஷிஃபானாவுக்கு இது முதல் சாட்சி. அறிக்கையிலும் நீதவானின் முகத்திலும் தவிர வேறெங்கும் கண்ணை வைக்கவில்லை.

“சந்தேகநபரின் மனநிலை எப்படி?” என்று நீதவான் கேட்டார்.

“பூரண தெளிவு. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நானே போய்ச் சரிபார்த்தேன். எதிலும் மாயை இல்லை.”

“மான் குசினிக்குள் வருகிறது என்பதையுமா?” என்று பொலிஸ் இன்ஸ்பெக்டர் அறிக்கையின் பிரதியைப் புரட்டியபடி கேலியாகக் கேட்டார்.

“என் முதல் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை அதே மான்தான் சாப்பிட்டது.”

மண்டபம் சிரித்தது. நீதவான் மேசையில் தட்டினார். ஷிஃபானாவுக்குத் துணிவு வந்துவிட்டது.

“இன்னொன்றும் சொல்ல வேண்டும். சம்பவ நேரத்தில் அவர் அந்த ஹோட்டலில் இருக்கவில்லை.”

இதைக் கேட்டு அதிகம் திகைத்தவர் ஹஸ்மியின் சட்டத்தரணிதான். ‘இந்த மீன் பழசு என்று ஹோட்டல் சமையல்காரன் சொன்னதால் வந்த கோபம், ஐயா’ என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பதற்கு அவர் அழகாக ஒரு பேச்சுத் தயார்பண்ணி வந்திருந்தார். இப்போது கையில் கடதாசியோடு வாயைத் திறந்தபடி நின்றார்.

“ஹோட்டல் கமராவில் ஆள் தெளிவாக இருக்கிறார், ஐயா,” என்று இன்ஸ்பெக்டர் எழும்பினார்.

“கலியாண வீட்டு வீடியோவிலும் தெளிவாக இருக்கிறார்,” என்றாள் ஷிஃபானா.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபத்தைவிட ஆவல்தான் அதிகம் தெரிந்தது. “ஒரு ஆள் ஒரே நேரத்தில நிலாவெளியிலயும் நிக்கிறார், கிண்ணியாவிலயும் நிக்கிறார். உங்கட சாத்திரத்தில இதுக்கு ஏதும் பேர் இருக்கா, டொக்டர்?”

“அந்த இன்னொருவர் யார் என்பதைப் பொலிஸ்தான் கண்டுபிடிக்க வேண்டும்,” என்றாள் அவள். தான் எதிர்பார்த்ததைவிட உரத்த குரலில் சொல்லிவிட்டாள்.

“நல்லது. நீங்கள் பரிசோதித்த ஆளை இந்த மன்றுக்கு ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்.”

ஷிஃபானா எதிரிக் கூண்டின் பக்கம் திரும்பினாள். அங்கே நெடுத்த, சுருட்டைத் தலை இளைஞன் ஒருவன் நின்று, தனக்காக இவ்வளவு பாடுபட்ட இந்தப் பெண் யார் என்று வியப்போடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் மண்டபமெல்லாம் அலைந்தது. கடைசி வாங்கில் உட்கார்ந்தபடி, மடியில் ஒரு சோற்றுப் பார்சலோடு, அதே சிரிப்பு. அவர் அவளைக் கண்டதும் மரியாதையாக எழும்பி நின்றார். ஷிஃபானாவின் விரல் தானாக அந்தப் பக்கம் நீண்டது. மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“நான் இவன்ர மச்சான் தாஹிர், ஐயா,” என்றார் அந்த மனிதர். “அண்டைக்கு இவன் கடலுக்குப் போயிட்டான், அதால கடிதத்தைக் கொண்டுபோய் கிளினிக்கில இவனுக்கு இடம் பிடிச்சு வைப்பம் எண்டு போனனான், டொக்டர் அன்பா என்னைப் பத்திக் கேட்டா, நானும் சொன்னன்.”