ரகசிய இல்லத்தின் திறப்பு விழா

அடி உதைக்குத் தப்பி வரும் பெண்களுக்காக எங்கள் ஊரில் ஓர் இல்லம் அமைந்தது. அதன் விலாசம் பரம ரகசியமாக இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அதிகாரி அந்த உத்தரவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உடனே திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்.

"ஐயா, ரகசிய இல்லத்துக்கு விழாவா?" என்று கேட்டார் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் வார்டனம்மா.

"விழா இல்லாமத் திறந்தா, திறந்ததே யாருக்கும் தெரியாதேம்மா!"

"தெரியக் கூடாதுன்னுதானே ஐயா..."

"அதுக்குத்தான் போர்டுலயே 'ரகசியம்'னு கொட்டை எழுத்துல போடச் சொல்லியிருக்கேன். படிக்கிறவங்க வெளிய சொல்ல மாட்டாங்க."

இதற்கு மேல் வாதாட வார்டனம்மாவுக்கு அறிவு போதவில்லை. முச்சந்தியிலிருந்து இல்லத்து வாசல்வரை அம்புக்குறிகள் முளைத்தன.

இல்லத்துக்கு முதலில் வந்தவள் எங்கள் தெருத் தையல்காரி. உடைந்த கையில் கட்டோடு, மகளையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். பூச்செண்டு கொடுக்க அவளையே தேர்ந்தெடுத்தார்கள். அவளை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதே என்ற பெருங்கருணையோடு, ஒரு கறுப்புக் கண்ணாடியும் மாட்டிவிட்டார்கள்.

மேடையேறியவள் போர்டை நிமிர்ந்து பார்த்தாள். பூச்செண்டு கீழே விழுந்தது.

"சார், இது என் புருஷன் எழுத்து."

"அப்படியா? முத்து முத்தா எழுதியிருக்காரே! ரெண்டாவது பூச்சுக்கு நாளைக்குக் காலையில வர்றாரும்மா."

"அப்ப நாங்க எங்க சார் போறது?"

அதிகாரி அங்கேயே துரித நடவடிக்கை எடுத்தார். "கவலையே படாதே. இல்லத்தையே இடம் மாத்திடறேன். புது விலாசத்தைப் போர்டுல அவரையே எழுதிடச் சொல்றேன்."

நாங்கள் கைதட்டினோம். துரித நடவடிக்கையைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

வார்டனம்மா கைதட்டவில்லை. ஒரு வண்டியைப் பிடித்து வந்து, "என் வீட்டுக்கு வா. அங்க போர்டு கிடையாது" என்று அவள் காதோடு சொன்னார்.

தெருக்காரர்கள் என்ற உரிமையில் நாங்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டோம். "எங்கம்மா போறே? விலாசத்தைச் சொல்லிட்டுப் போ. ஒரு ஆபத்துன்னா நாங்க ஓடி வர வேணாமா?"

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி எங்களிடம் நீட்டினாள். "இத்தனை வருஷமா பக்கத்து வீட்டுலதானே கத்திக்கிட்டிருந்தேன். அந்த விலாசம் தெரியலையா?"

வண்டி போய்விட்டது. எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

சாயங்காலமே சேதி தெரிந்து அவள் புருஷன் பெயிண்ட் கையோடு வந்து, வண்டி எந்தப் பக்கம் போனது என்று தெருவே அதிரக் கத்தினான். எங்களில் ஒருவருக்கும் காது கேட்கவில்லை. அதில்தான் எங்களுக்கு நல்ல பழக்கம் உண்டே.