படங்களுக்கு ஷிப்ட் போட்டவர்

பிள்ளைகளே, உலகத்திலேயே படங்களுக்கு ஷிப்ட் போட்டு வேலை வாங்கிய ஒரே மனிதர் எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கிரீஸ் அண்ணன்தான். போன மாதம் பட்டணத்து அருங்காட்சியகத்தில் ஒரு சிவப்புப் படத்தின் முன் உங்களை அரை மணி நேரம் நிற்க வைத்தேனே, அது அவர் கொடுத்தது.

நெய்வேலிச் சுரங்கத்தில் யந்திரங்களுக்குக் கிரீஸ் போடுவார். சொந்த ஊர் வடக்குத்து. ஒருமுறை சைக்கிள் வாங்கப் பட்டணம் போனார். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஓவியம் படிக்கும் பையன்களின் கண்காட்சி. சைக்கிள் வரவில்லை, படம் வந்தது. மறுபடியும் சைக்கிள் வாங்கப் போனார். மறுபடியும் படம். இப்படி ஐந்து சைக்கிள்கள் அவர் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றன. அண்ணன் வேலைக்கு நடந்தே போனார்.

"இது என்னாண்ணே, மாடா, மலையா?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. தெரிஞ்சிருந்தா அங்கயே பாத்துட்டு வந்துருப்பனே, எதுக்கு வாங்கியாரேன்?"

எது மேல், எது கீழ் என்பதும் அவருக்குத் தெரியாது. அதனால் வாராவாரம் தன் ஷிப்ட் மாறும்போது படங்களையும் ஒரு பக்கம் திருப்பி வைப்பார்.

"ஒரே பக்கமா நின்னுகினு இருந்தா அதுக்கும் கால் வலிக்கும்ல?"

மூன்று பக்கம் மூன்று ஷிப்ட். நாலாவது பக்கம் வீக்லி ஆஃப்.

அண்ணிக்குப் பேறு மாதம் நெருங்கியது. இருந்தது ஒரே அறை.

"ஏங்க, ஒங்க படத்துக்கு லீவுகூட இருக்குது. எம் புள்ளைக்குத் தூளி கட்ட எடம் இல்ல!" என்றார் அண்ணி.

அண்ணியின் தம்பி வழி சொன்னான். "குடு மாமா, ஆட்டுக் கொட்டாய்க்குத் தட்டியா கட்டிக்கறேன்."

அண்ணனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஐந்தையும் போர்வையில் சுற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினார். "வாணாம்னுட்டா ஆட்டுக்குத்தான்யா" என்று வழியெல்லாம் புலம்பல்.

அங்கே ஓர் அதிகாரி வெகுநேரம் பார்த்தார். "எடுத்துக்கறோம். எந்தப் பக்கம் மேலே வரணும்?"

அண்ணனுக்கு உயிர் வந்தது. "இந்த வாரம் நைட் ஷிப்டுங்க, இந்தப் பக்கம் மேல. திங்கக்கெழம மறக்காம மாத்திடுங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டார்.

அந்த ஐந்தில் ஒன்றான, நீங்கள் பார்த்த சிவப்புப் படம் இன்றும் நைட் ஷிப்டிலேயே தொங்குகிறது. சுரங்கத்தில், மாற்றாள் வரும்வரை யாரும் தன் இடத்தை விட்டு நகரக்கூடாது. அண்ணன் இப்போது இல்லை. என்னால் அரை மணி நேரம்தான் அதற்கு மாற்றாளாக நிற்க முடிந்தது.