அண்ணாச்சி அல்வாவில் ஒரு சொட்டு அயோடின்

புதிதாகப் பட்டம் வாங்கியவர்களை ஆறு மாசத்துக்கு வீட்டை விட்டு வெளியே விடக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தால், அதற்கு ஆதரவாக முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் வண்ணார்பேட்டையில் ஒரு நல்ல மனுசர் தன் சொந்தக் கடை வாசலில் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டார்.

அப்போது நான் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு, நாலு இடத்தில் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, வீட்டில் எல்லோருக்கும் தொந்தரவாக இருந்தேன். (அம்மா ரசம் வைக்கும்போது பக்கத்தில் போய் நின்று, "இது அமிலம்மா" என்பேன். "அமிலமோ கிமிலமோ, ஏட்டி, அந்தக் கறிவேப்பிலையை உருவிப் போடு" என்பாள்.) அடுப்படியில் என் படிப்புக்கு மரியாதை இல்லை என்று தெரிந்ததும் ஊருக்குச் சேவை செய்யக் கிளம்பிவிட்டேன்.

கால்வாய் ஓரத்தில் வரிசை வீடுகள் இருந்தன. அம்மாமார் பீடி சுற்றுவார்கள், அப்பாமார் மூட்டை தூக்குவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் தெருவில் கிடக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் ஓயமாட்டேன் என்று சபதம் எடுத்தேன். விஞ்ஞானம் இத்தனை நாளும் எனக்காகத்தான் பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டிருந்தது என்பது போல ஒரு நினைப்பு எனக்கு.

இடம் கொடுத்தது அல்வாக் கடை சுடலைமுத்து அண்ணாச்சி. கடைக்கு மேலே கோதுமை மூட்டை அடுக்கியிருக்கும் மாடி. "நான்தான் அஞ்சாப்போட நின்னுட்டேன். என் மாடியிலயாவது நாலு பிள்ளைய படிக்கட்டுமே. சாயந்தரம் வச்சுக்கோம்மா" என்றார். அதோடு விட்டாரா? வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு விரற்கடை அல்வா, வாழை இலைத் துண்டில் வைத்து மேலே அனுப்பிவிடுவார். முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். ஒரு வாரத்தில் இருபத்து மூன்று. என் போதனைதான் இப்படி இழுக்கிறது என்று நான் மனதார நம்பினேன்.

காந்தம் காட்டினேன், எலுமிச்சம்பழச் சாற்றில் சோடா உப்பைப் போட்டு பலூன் ஊதவைத்தேன். பிள்ளைகள் கைதட்டத் தட்ட எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில் எடுத்ததுதான் கலப்படம் கண்டுபிடிக்கும் பாடம்.

இரண்டு தம்ளர் பால் வைத்தேன். ஒன்று நல்ல பால். இன்னொன்றில் நானே வீட்டில் கஞ்சியைக் கலந்து கொண்டுவந்திருந்தேன். மருந்துக்கடை டிஞ்சர் அயோடினைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, ஆளுக்கொரு சொட்டு விடச் சொன்னேன். நல்ல பால் லேசாக மஞ்சளாகி நின்றது. கஞ்சிப் பால் கருநீலமாக மாறியது. "யாத்தே!" என்று மாடியே அலறியது. நான் ஒரு மந்திரவாதி மாதிரி கையை விரித்து, "நீலமாச்சுன்னா கலப்படம். அவ்வளவுதான்!" என்றேன்.

முன் வரிசையில் எசக்கி இருந்தாள். பத்து வயசு. பீடி இலை வெட்டி வெட்டி விரல் நுனியெல்லாம் காய்த்திருக்கும். "ஏங்க்கா நீலமாவுது?" என்று கேட்டாள்.

"அது அடுத்த வாரம்" என்றேன். (சொல்லியிருக்கலாம், ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது. ஆனால் கைதட்டல் அடங்கிவிடுமே!)

அதோடு நிறுத்தினேனா? காலி ஊசி மருந்துக் குப்பிகளைக் கழுவி, ஆளுக்கொரு குப்பி அயோடினும் ஒரு இங்க் பில்லரும் கொடுத்தேன். "வீட்டுப்பாடம். கண்டதையும் சோதிச்சுப் பாருங்க. ஆனா சொட்டு விட்டதை யாரும் தின்னுரக் கூடாது" என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால், மாடிக்கு வரும் பிள்ளைகளில் ஒருவனான செய்யது மூச்சிரைக்க ஓடி வருகிறான்.

"அக்கா! நம்ம ஊரே கலப்படம்க்கா!"

"என்னலே சொல்லுத?"

"இட்லி நீலம், சோறு நீலம், பரோட்டா நீலம். உருளைக்கிழங்குலயே கலக்குதானுவக்கா! சுவத்துல போஸ்டர் ஒட்டுத பசைகூட நீலம். கவுன்சிலரு வேட்டியும் நீலம்!"

"வேட்டியிலயா விட்டிய?"

"கண்டதையும் சோதிக்கச் சொன்னீங்கள்லாக்கா?"

கடையைப் பார்த்தால் அங்கன ஒரே கூட்டம். சூடாக அல்வா இறக்கும் நேரம் அது. வெளியூர் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் பையோடு நிற்பார்கள். கூட்டத்துக்கு நடுவில், ஜீனி டின்மேல் ஏறி நின்றுகொண்டு, இலையில் கருநீலமாகிப் போன அல்வாவைத் தூக்கிப் பிடித்தபடி எசக்கி.

"அக்காவே வந்தாச்சு! கேட்டுக்கிடுங்க!" என்றாள்.

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. அல்வா என்பதே கோதுமைப் பால். கோதுமைப் பால் என்பதே மாவுச்சத்து. அயோடின் பட்டால் நீலமாகாமல் பச்சையாகவா ஆகும்? இரண்டு வருசம் எம்.எஸ்ஸி. படித்த எனக்கு இது நேற்றுத் தோன்றவில்லை!

"யாரும் பதறாதீங்க! அல்வாவே மாவுதான்!" என்று கத்தினேன்.

"மாவா? அப்ப நெய்யி?"

"டீச்சரே ஒத்துக்கிட்டாவ வே! வெறும் மாவுதானாம்!"

"ஐயோ, கலப்படம் இல்லீங்க. ஸ்டார்ச்சு! ஸ்டார்ச்சு!"

"ஸ்டார்ச்சா? அது வேட்டிக்குப் போடுததுல்லா?" என்றார் ஒரு பெரியவர்.

"அதைத்தான் நானும் கேக்கேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலத் திட்டு. கவுன்சிலர்!

நான் வாயைத் திறக்கத் திறக்க அல்வாப் பொட்டலங்கள் ஒவ்வொன்றாகக் கல்லாவுக்குத் திரும்பி வந்தன. அண்ணாச்சி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டே, "பிள்ளையளக் கூட்டிக்கிட்டுப் போங்கம்மா. மேல உள்ள சாமானையும் எடுத்துக்கிடுங்க" என்றார். அதுவரை என்னை வாய் நிறைய 'நீ' என்று கூப்பிட்டவர். அந்த 'போங்க' எனக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதேன். மூக்கு ஒழுக ஒழுக, நன்றாகவே அழுதேன்.

"அழாதீங்கக்கா, கொஞ்சம் இருங்க" என்றாள் எசக்கி. டின்னை விட்டு இறங்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு யோசித்தாள். "எங்கம்மா வடிச்ச சோறும் நீலமாத்தான் ஆச்சு. எங்கம்மா சோத்துல என்னத்தக் கலப்பா? கலக்குததுக்கு எங்க வீட்ல என்ன இருக்கு?"



"அப்ப சோத்துல தப்பு இல்ல. நீங்க சொல்லிக்குடுத்ததுதான் தப்பு" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பி, "அல்வாவுக்கு என்னெல்லாம் போடுவிய அண்ணாச்சி? தனித்தனியாக் கொண்டாங்க" என்றாள்.

அண்ணாச்சி உள்ளே போய் மூன்று கிண்ணம் கொண்டுவந்தார். ஜீனியில் சொட்டு விட்டாள், நீலம் இல்லை. நெய்யில் விட்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சியும் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். நெய்யிலும் நீலம் இல்லை. கோதுமைப் பாலில் விட்டாள். கன்னங்கரேலென்று நீலம்!

"கோதுமைதான் நீலமாவுது! நெய்யி சுத்தம்!" என்று கத்தினாள். "கோதுமை இல்லாம எப்படி வே அல்வா கிண்டுவாவ?"

"அப்ப என் வேட்டி?" என்றார் கவுன்சிலர்.

"அது கஞ்சி. நீங்களும் நல்லவுகதான்."

சிரிப்பில் தெருவே அதிர்ந்தது. கவுன்சிலர்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார், அரைக்கிலோவும் வாங்கினார். திருப்பிக் கொடுத்த பொட்டலங்களை அவரவர் அசடு வழிய எடுத்துக்கொண்டார்கள். அரைமணி நேரத்தில் தட்டு காலி.

நான் மாடிக்குப் போய்ச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி படியேறி வந்தார். "அதை அங்கனயே வையி. மாடி உனக்குத்தான்" என்றார். 'உனக்கு' என்றதும் மறுபடி அழுகை வந்தது. "ஆனா ஒண்ணும்மா. பாடத்தை எசக்கி எடுக்கட்டும். நீ பைய ஒரு ஓரமா இருந்து கேட்டுக்கோ."

சத்தியமாக விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணமாகும் வரை அந்த மாடியில் சட்டம் அதுதான். நான் ஒன்றைச் சொன்னால் எசக்கி 'ஏன்' என்று கேட்பாள். அவளுக்குத் திருப்தியாகிற மாதிரி பதில் வந்தால்தான் அவள் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லுவாள். பதில் தெரியாத நாட்களில் கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்து திருதிருவென்று முழித்திருக்கிறேன். எம்.எஸ்ஸி.யில் படித்ததைவிட அங்கேதான் அதிகம் படித்தேன் என்று இப்போது வெட்கமில்லாமல் சொல்லுவேன்.

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரிடம் உளறிவைத்ததுதான் நான் செய்த அடுத்த பெரிய தப்பு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதை அடித்துச் சொன்னாலும் ஒரே கேள்விதான். "இன்னைக்கு மழை வராது." "எசக்கிகிட்ட கேட்டாச்சா?" "இந்தப் புடவைக்குச் சாயம் போகாது." "எசக்கி ஒத்துக்கிட்டாளா?" மாமியார் கேட்டார்கள், நாத்தனார் கேட்டாள், இப்போது என் பிள்ளைகளும் கேட்கிறார்கள். இவர்கள் யாரும் எசக்கியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

போன தீபாவளிக்கு அவளே புருசன் பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. இத்தனை வருசத்துச் சண்டையெல்லாம் வரிசையாக அவள் முன்னால் எடுத்துவைத்தார். அந்தக் கொடைக்கானல் பஸ்ஸைத் தவறவிட்டது யாரால்? மிக்ஸியைக் கெடுத்தது யார்? எல்லோரும் தீர்ப்புக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எசக்கி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

"நான் அங்கன இல்லையே அத்தான். பாக்காம எப்படிச் சொல்ல?" என்றாள்.