சர்ச்சுக்கு மட்டும் போகிற வண்டி

கியர்பாக்ஸ் ஆயிலைத் தன் கையாலேயே மாற்றிவிடுவது என்று சிரில் சனிக்கிழமை சாயங்காலம் தீர்மானித்தார். தீர்மானித்தது தான்தான் என்றும் நினைத்துக்கொண்டார். பாவம், அந்தக் கல்யாண வாழ்க்கையில் அவர் அப்படி நினைத்துக்கொண்ட விஷயங்கள் ஏராளம்.

சிரிலிடம் ஒரு டபுள் கேபின் பிக்கப் வண்டி இருந்தது. பெங்களூரில் ராஜ்குமார் என்பவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆட்டோமேட்டிக். கிளட்ச் இல்லாத வண்டியாகத் தேடிப் பிடித்ததற்கு முழங்கால் வலி காரணம் என்று, தாங்கள் குடியிருந்த பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டல் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். டிரைவிங் ஸ்கூல்காரரைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்.

வாரம் பூராவும் ரயிலேறிப் பெங்களூர் போய், ஒரு கம்பெனி ஸ்டோரில் மேலே இருப்பவர், கீழே இருப்பவர் எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு இருட்டிய பிறகு வீடு திரும்பும் மனிதர் அவர். உலகத்தில் அவர் சொன்னபடி கேட்கிற ஒரே ஜீவன் அந்த வண்டிதான். ஞாயிறு காலை சர்ச், சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஒரு சுற்று. அதோடு சரி. மனைவி லூயிசா ஓட்டக் கேட்டால், "மொதல்ல வண்டியப் பத்தித் தெரிஞ்சுக்கோ" என்பார். சாவி அவர் பேண்ட் பாக்கெட்டை விட்டு நகராது. இன்னொரு சாவி பீரோவில் பத்திரமாக இருந்தது. பீரோ சாவி லூயிசாவிடம் இருந்தது. இந்தப் பந்தோபஸ்தில் ஓட்டை இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வேறு சிலதும் தோன்றவில்லை. லூயிசா பகலில் பியூலா என்பவரின் சேர், சாமியானா வாடகைக் கடைக்குக் கணக்குப் பார்க்கப் போகிறவள். அவள் ஏன் வண்டியை அடிக்கடி கழுவித் துடைத்து வைக்கிறாள் என்று அவர் யோசித்ததில்லை. இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்றுதான் பூரித்துப் போனார். மீட்டர் எகிறியபோது, "செகண்ட் ஹேண்ட் வண்டிங்க, மீட்டர் கொஞ்சம் ஓவரா ஓடும்" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை அவள் பேச்சை ஆரம்பித்தாள்.

"இன்னாங்க, போன வாரம் நீங்க ரிவர்ஸ் போட்டப்போ வண்டி கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் நகுந்துச்சு. கியர் ஆயில் மாத்தணுமோ இன்னாமோ. மெக்கானிக்கக் கூப்புடட்டா?"

"எதுக்கு? நானே மாத்துவேன்."

"உங்களால முடியாதுங்க."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே லூயிசா அந்த வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவியிருக்கிறாள், பரண் ஒழித்திருக்கிறாள், கிரைண்டரை மாடிக்கு ஏற்றியிருக்கிறாள். எல்லாம் சிரிலின் கைகளால்.

ஞாயிறு பிரசங்கம் முடிந்து வந்ததும் வீட்டு வாசலில் இரண்டாவது பிரசங்கம் தொடங்கியது. வார நாட்களின் காலை ரயில் பிரயாணங்களில் போனில் பார்த்த வண்டி வீடியோக்கள் எல்லாம் முன்பே தலையில் ஏறியிருந்தன.

"கேட்டுக்கோ லூயிசா. சும்மா சர்ச்சுக்குப் போற வண்டிக்கு அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தபா மாத்துனா போதும். லோடு அடிக்கிற வண்டி, மலை ஏறுற வண்டின்னா அதுல பாதியிலயே மாத்தணும். இல்லன்னா ஆயில் கருகிப் பூடும்."

"பாதியிலயேவா?"

"நமக்கு அந்தப் பேஜார் இல்ல. பாரேன், ரோஸ் சர்பத்து மாதிரி செவப்பா ஊத்தும்."

"ஊத்துனா சரி."

புது ஆயில் டப்பாக்கள் ஏற்கெனவே திண்டில் அடுக்கியிருந்தன. எப்படி வந்தன என்று அவர் கேட்கவில்லை. இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கி, இன்ஜினை அணைத்து, பட்டப்பகலில் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்தார்.

"இன்னாங்க, சொரங்கத்துல எறங்குற மாதிரி கீது, எந்த லெவலுக்கு எறங்குறீங்க?" என்றாள் லூயிசா.

கியர்பாக்ஸின் கீழ் பிளக்கைத் திருகினார். டப்பென்று கழன்று ட்ரேயில் கொட்டியது. சர்பத்து இல்லை. நேற்றைய டிகாஷன். கூடவே அடிபிடித்த பாத்திரத்தின் நாற்றம்.

"ஏமாத்திட்டான்," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "ராஜ்குமார் என்னை ஏமாத்திட்டான். போன் போடு."

"ஞாயித்துக்கெழமைங்க. அவரு இன்னா வேலையா இருக்காரோ."

"போடுன்றேன். ஸ்பீக்கர்ல போடு, கையெல்லாம் ஆயிலு."

லூயிசா போட்டாள். போலீஸ், கோர்ட், மனசாட்சி என்று சிரில் வரிசையாகப் பொரிந்து தள்ளியதை ராஜ்குமார் பொறுமையாகக் கேட்டார்.

"சார், விக்கறப்போ புது ஆயில் போட்டுத்தான் கொடுத்தேன். நீங்க அடிக்கிற லோடுக்கு அது கருகாம என்ன பண்ணும்? போன வாரம்கூட மேடம் போன் பண்ணி எந்த ஆயில் வாங்கணும்னு கேட்டாங்க. சேர், பாத்திரம், சாமியானா எல்லாம் ஏத்திக்கிட்டு பேர்ணாம்பட்டு மலைப்பாதைல போறாங்களாமே. உடனே மாத்திடுங்கன்னு அப்பவே சொன்னேன். நீங்களே மாத்தறீங்களா? பரவால்ல சார், இந்தக் காலத்துல யார் செய்யறாங்க."

போன் அணைந்தது. சிரில் எழுந்திருக்கப் பார்த்து, சைலன்சரில் நெற்றியை இடித்துக்கொண்டு, வெளியே ஊர்ந்து வந்தார்.

"லூயிசா. நீ வண்டி ஓட்றியா?"

"ஆமாங்க."

"எத்தினி நாளா?"

"உங்களுக்குத் தெரிஞ்சு இன்னியிலேர்ந்து."

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் நிஜமாகவே வருத்தமும் இருந்தது. தன் பேச்சைக் கேட்க ஒரு ஜீவனாவது இருக்கிறதென்று நம்பியிருந்தார். அது இன்னொருத்தர் சொன்னபடி மலையேறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"பீரோவுல இருந்த வண்டிச் சாவியக் குடு."

மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். இரண்டு சாவிகளையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு பக்கத்துல பாலகாட் லைன்ல கல்யாணம். எரநூறு சேர் எறக்கணும்," என்றாள் மெதுவாக.

"தலைல வெச்சுத் தூக்கினு போ."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படியொரு வசனம் அவர் வாயில் வந்ததில்லை. அந்தத் தெம்பிலேயே மறுபடி அடியில் புகுந்து கீழ் பிளக்கை மூடினார். இனி பக்கவாட்டில் இருக்கும் மேல் பிளக்கைத் திறந்து புது ஆயிலை ஏற்ற வேண்டியதுதான். ஸ்பேனரைப் போட்டு இழுத்தார். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தார். ஸ்பேனர் நழுவி விரல் முட்டித்தோல் உரிந்தது.

லூயிசா குனிந்து பார்த்தாள்.

"மேல் பிளக்கு கழலுதான்னு பாத்துட்டுத்தான் கீழத் தொறக்கணும்னு அந்த வீடியோவுல சொல்லலியாங்க?"

சொல்லியிருப்பார்கள். வீடியோவில் அந்த இடம் வந்தபோது பங்காருபேட்டை ஸ்டேஷன் கூட்டம் ரயிலேறி அவரை நசுக்கியிருக்கும்.

அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. தண்ணீர் டேங்கர். லைன் வீடுகளில் இருந்த பெண்கள் குடங்களோடு வெளியே வந்தார்கள். ஆயில் இல்லாத வண்டி முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. டேங்கருக்கு வழியை அடைத்துக்கொண்டு நின்றது. குடங்கள் ஒவ்வொன்றாக வண்டியைச் சுற்றி வந்து நின்றன. எல்லாரும் வண்டிக்கடியில் நீட்டியிருந்த சிரிலின் கால்களையே பார்த்தார்கள். அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு வழி கீது," என்றாள் லூயிசா. "ஸ்பேனர் பிடியில சாமியானா பைப்புத் துண்டு மாட்டி நெம்புனா வந்துடும். துண்டு எங்கிட்ட கீது."

"குடு."

"சாவி?"

ஒரு சாவி வெளியே நீண்டது.

"ரெண்டுங்க."

பைப்பை மாட்டி நெம்பியதும் பிளக் 'டக்'கென்று இளகியது. கைப்பம்பால் ஆயிலை ஏற்றினார். அளவு பார்ப்பதற்கு இன்ஜின் ஓட வேண்டும். யாராவது பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்ட வேண்டும். லூயிசா ஏறினாள். சீட்டை ஒரு இழுப்பு, கண்ணாடியை ஒரு திருப்பு. மேல் துளையிலிருந்து சிவப்பாக மெல்லிய நூல் போல ஆயில் ஒழுக ஆரம்பித்ததும் பிளக்கை இறுக்கினார். மனிதர் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தார், அதையும் சொல்ல வேண்டும்.

அவர் வெளியே வந்து, "நகரு, நான் ட்ரையல் பாக்கறேன்" என்பதற்குள், "டேங்கர் நிக்குதுங்க" என்று லூயிசா கதவைச் சாத்தினாள். அவர் நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கிற அந்தச் சந்தில் ஒரே ரிவர்ஸில் போனாள். வண்டி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. டேங்கர்காரர் அவளுக்குத் தெரிந்தவர் போலக் கையசைத்தார்.

நெற்றியில் டார்ச்சும் கையில் கறுப்பு ட்ரேயுமாக சிரில் நின்றுகொண்டிருந்தார். ஒரு ஆள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"டிரைவரம்மா வீடு இதுதானே? எங்க வீட்டு விசேஷத்துக்கு வண்டி சொல்லணும்."

"எங்கிட்டயே சொல்லுங்க. நான் அவங்க வீட்டுக்காரர்."

வந்தவர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, தோளில் கை வைத்தார்.

"அவங்க வீட்டுக்காரர் பெங்களூர்ல பெரிய ஆபீசர்னு அந்தம்மா எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிகினு கீறாங்க. மெக்கானிக் வேலையில இன்னாப்பா வெக்கம், உண்மையச் சொல்லு."