பங்கஜம் தடுக்காத படகு

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதக் குரலே என் காதில் விழக்கூடாது என்று தீர்மானம் செய்தேன். கொஞ்சம் பெரிய தீர்மானம்தான். ஆனால் கட்டபெட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவனுக்கு வேறு வழி இல்லை. வாரம் முழுக்க இந்த ஸ்க்ரூ அதற்குச் சேருமா, அந்த பைப் இதற்குச் சேருமா என்று ஊரே என் காதுக்குள் குடியிருக்கும். ஞாயிறன்று என் மனைவி பங்கஜம். அவள் "ஏனுங்க" என்றால் நான் பரணில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் சாக்கடையில் இறங்க வேண்டும். நடுவில் நிற்க இடமே கிடையாது.

அதற்குத்தான் படகு. மூடிப்போன ஓட்டல் ஒன்றில் கிடந்த சின்ன ஃபைபர் படகு. வாங்கி வந்து ஷெட்டில் கவிழ்த்துப் போட்டிருந்தேன். சோலூருக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டுக்குள் பெரிய ஏரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் பிடித்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் அனுமதி கொடுத்துவிட்டார். அங்கே செல்போன் சிக்னல் கிடையாது. அக்கரையில் நின்று கத்தினாலும் இக்கரைக்குக் கேட்காது. மீன் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை.

பாக்கி இரண்டே சாமான். படகை ஓட்ட மோட்டார், படகைக் காருக்குப் பின்னால் இழுத்துப் போக ட்ரெய்லர். இரண்டையும் பங்கஜத்திடம் சொல்லியாக வேண்டும். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பெயின்ட் டப்பாக்களுக்கு முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"பங்கஜம், படகுக்கு ஒரு மோட்டார்..."

"வாங்குங்க."

"ட்ரெய்லரும் வேணும்."

"பின்னே? தலையில வெச்சா கொண்டு போவீங்க?"

எனக்குச் சந்தேகம் தட்டியது. புதுக் கைக்குட்டை வாங்கினால்கூட "பழசுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று கேட்கிறவள் இவள். பேசிப் பழகிய வசனம் எல்லாம் வீணாய்ப் போனது பற்றி எனக்கு வருத்தமில்லை. இந்தப் பெண் எதற்குச் சம்மதிக்கிறாள்? அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அதோடு நின்றதா? ஒரு சாயங்காலம் சமையலறையில் போன் பேசிக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்று கேட்டேன். என் வீட்டில் நான் எங்கே வேண்டுமானாலும் நிற்பேன்.

"எழுவத்தெட்டு... செரி. அது அறுவத்தொம்பது. தொண்ணூறா? அத்தனை எப்படிங்க ஏறுச்சு? பரவால்ல, இழுத்துரும்."

புரிந்துவிட்டது. பங்கஜத்துக்கு இலை வியாபாரம். சுற்றுப்பட்டுத் தோட்டங்களில் பறிக்கிற பச்சைத் தேயிலையை எடை போட்டு வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புகிறாள். எங்கள் ஊரில் சக்கரம் முளைத்த எதுவும் இலை ஏற்றாமல் தப்பியதில்லை. என் கார் சீட்டைத் தட்டினால் இன்றைக்கும் தேயிலைத் தூசி பறக்கும். ஆக, ட்ரெய்லர் என் பேரில் வரும். ஓடுவது இலை மூட்டைக்காக. இந்த ஆறுமுகசாமியா ஏமாறுகிறவன்?

கோத்தகிரியில் டெனினின் ஒர்க்ஷாப்புக்குப் போனோம். டெனின் கூடலூர்க்காரன். அவன் மனைவி ஜோவிதாவும் பங்கஜமும் நகமும் சதையும். அதனால் அவன் மேலும் எனக்கு ஒரு கண்.

"சேட்டா, மோட்டாரு ரெண்டு உண்டு" என்றான். "இது பேட்டரி. சத்தமே கேக்காது. ஆனா ஒரு ஆளு, ஒரு தூண்டில், அத்தரதான். அது பெட்ரோலு, பத்து எச்.பி. மலைமேல காத்து லேசாச்சே, எஞ்சினுக்கு மூச்சு பத்தாது. பத்து இங்க எட்டாயிரும். அப்பவும் நாலு ஆளை ஜோரா இழுக்கும்."

ஒரு ஆள்! சத்தமே கேட்காது! நான் கனவு கண்டதே அந்த பேட்டரி மோட்டாரைத்தான். கை நீட்டப் போனேன்.

"ஏனுங்க, பேட்டரியே நல்லதுங்க" என்றாள் பங்கஜம். "உங்களுக்கு நிம்மதியா இருக்கும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. எனக்கு வேண்டியதே இவளுக்கும் வேண்டியதாக இருக்குமா? எங்கள் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு சம்பவம் நடந்ததே இல்லை. யோசித்தேன். பேட்டரிக்கு சார்ஜ் போட வேண்டும். சார்ஜ் வீட்டில். வீட்டு ஸ்விட்சு பங்கஜத்தின் கையில். ஞாயிறு காலை "அடடா, போட மறந்துட்டனுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் பரண்மேல்.

"பெட்ரோலையே எடு டெனின்!"

"அய்யோ, அது கனமாச்சுங்களே" என்றாள். முகம் சுருங்கிவிட்டது. எனக்குள் மத்தாப்பு எரிந்தது.

அடுத்து ட்ரெய்லர். ஒன்று சாதாரணம், தட்டையான தளம், சுற்றிலும் பக்கப்பலகை. இன்னொன்று படகுக்கென்றே செய்தது. நடுவில் உருளைகள், கார் நிறைய ஆள் ஏறினாலும் கொண்டை ஊசி வளைவில் பிடித்து நிறுத்த தனி பிரேக். அதில் படகைத் தவிர ஒரு பூசணிக்காயை வைத்தாலும் உருண்டு கீழே விழும்.

பங்கஜம் நேரே பக்கப்பலகையைத் தடவினாள்.

"இது எத்தனை வாட்டமா இருக்குதுங்க!"

"இருக்கும் இருக்கும். உருளை வெச்சதை எடு டெனின்."

"அதுல வேற ஒண்ணும் ஏத்த முடியாதுங்களே?"

"முடியாது" என்றேன் கம்பீரமாக. "ஒரு இலைகூட ஏத்த முடியாது."

பெருமூச்சு விட்டாள். திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் எனக்குப் பாட்டு வந்தது. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது.

ஞாயிறு விடிந்தது. காரில் ட்ரெய்லரை மாட்டி, தூண்டிலை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்தேன். வெளியே பனிக்குள் மூன்று பேர். கம்பளித் தொப்பி, மஃப்ளர், ஆளுக்கொரு டிபன் கேரியர். டெனின், எதிர்வீட்டு அய்யாவு, பங்கஜத்தின் தம்பி வசந்த்குமார்.

"என்ன மாப்ளே, கூட்டமா?"

"படகுக்குத்தானுங்க மாமா. அக்கா சொல்லலீங்களா?"

"ஊட்டுல அனுப்பி வெச்சாங்க" என்றார் அய்யாவு. "போன்ல சொன்ன கணக்கை நம்பாம, நேத்தே எங்களை எல்லாம் உங்க ஊட்டுக்காரம்மா இலைத் தராசுல ஏத்தி எடை பாத்துட்டாங்க. நாங் குளிச்சுட்டு வந்து ஏறினேன். ஈர இலைக்குக் கழிக்கற மாதிரி ரெண்டு கிலோ கழிச்சுட்டாங்க பாருங்க!"

டெனின் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சத்தியமா சேட்டா, எடை எதுக்குன்னு எனக்கும் இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

திரும்பிப் பார்த்தேன். வாசலில் பங்கஜம். அவளுக்குப் பின்னால் ஜோவிதாவும் மற்றப் பெண்களும் நாற்காலிகளை வெயில் வருகிற பக்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் சாய்வு நாற்காலியும் அதில் இருந்தது.

"பங்கஜம், என்ன இது?"

"வாரத்துல ஒரு நாளு நாங்களும் சத்தமில்லாம உக்காரலாம்னு பாத்தோமுங்க. அவ்வளவுதே."

அன்று ஏரியில் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன்! பெட்ரோல் எஞ்சின் போட்ட கூச்சலில் மூன்று பேரும் கத்திக் கத்திப் பேசினார்கள். எஞ்சினை அணைத்தேன். அப்போதும் கத்தினார்கள், பழகிவிட்டதாம். அய்யாவு தன் சிறுநீரகக் கல் புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேர்ந்த இடம் வரை விவரித்தார். வசந்த்குமார் என் தூண்டிலைப் பிடித்தபடி, ஒரு ஹார்டுவேர் கடையை எப்படி நடத்த வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தான். ஏரியின் நடுவில் எழுந்து எங்கே போவது? வாழ்க்கையில் முதல் தடவையாகப் பரணை நினைத்து ஏங்கினேன்.

இருட்டுகிற நேரத்துக்கு வீடு திரும்பினோம். பெண்கள் எல்லாரும் தூங்கி எழுந்த முகமாய், பளிச்சென்று இருந்தார்கள். அவரவர் புருஷனை அவரவர் இறக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. இனி படகே வேண்டாம், நாளைக்கே எல்லாவற்றையும் விற்றுவிடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

பங்கஜம் முந்திக்கொண்டாள். சுடச்சுட டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"பாவம், ரொம்பக் களைச்சுட்டீங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை போவாதீங்க. பேசாம ஊட்டுலயே இருங்க."

டீயைக் கீழே வைத்தேன். வீட்டிலேயே இருக்கச் சொல்கிறாளா? இவளா? எதற்கு? பரணா? சாக்கடையா? அதைவிடப் பெரிதாக ஏதாவதா? எதுவாக இருந்தாலும் சரி, இவள் சொல்லி நான் கேட்பதாவது!

"முடியாது. போயே தீருவேன்" என்றேன்.

"உங்க இஷ்டமுங்க" என்றாள் பங்கஜம். பிறகு எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "சம்மதிச்சுட்டாருங்க, அடுத்த வாரமும் அனுப்பி வைங்க!"